கப்பலும் கொட்டலசும்

கடலோடிகளின் பகைவர் யார் யார் என்று கேட்டால், புயல், பாறை, கடற்கொள்ளையர் என்று நாம் அடுக்கிச் சொல்வோம். கப்பல் தொழிலில் பழகியவர்கள் அப்பட்டியலில் இன்னொன்றையும் சேர்ப்பார்கள். அது விரல்நுனி அளவே உள்ள ஒரு சிற்றுயிர். ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்று வழங்கும் அவ்வுயிருக்குத் தமிழில் கொட்டலசு என்று பெயர். மும்பையிலோ, கொச்சியிலோ, விசாகப்பட்டினத்திலோ, போர்ட் பிளேரிலோ வாழும் தமிழன்பர்கள் கடல் வற்றும் வேளையில் படகுத்துறைப் பக்கம் சென்றிருந்தால் இதனைக் கண்டிருப்பார்கள். பாறைகளிலும் துறைத் தூண்களிலும் வெண்சாம்பல் நிறத்தில், சிறு சிறு எரிமலைகளின் வாய்போலக் குவிந்து ஒட்டிக்கொண்டிருப்பவை இவையே. கால் பட்டால் தோலைக் கிழிக்கும். கையால் பிடுங்கினால் வராது.

இந்தச் சிற்றுயிர் கப்பலின் அடிப்புறத்தில் குடியேறிவிட்டால், வழவழப்பாக இருந்த அடிப்புறம் அரம்போல் ஆகிவிடுகிறது. நீரின் உராய்வு மிகுகிறது, வேகம் குறைகிறது, எரிபொருள் வீணாகிறது. சுண்ணாம்பு ஓடுடைய உயிர்கள் அடர்ந்து வளர்ந்த ஒரு போர்க்கப்பல், அதே வேகத்தில் செல்வதற்கு 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றலைச் செலவிட நேரும் என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாய்மரக் காலத்தில் எரிபொருட் செலவு இல்லை என்றாலும், பயணம் நீண்டு, குடிநீரும் உணவும் தீர்ந்து, மாலுமிகளின் உயிருக்கே இறுதி வந்ததுண்டு.

ஆகவே இதனை அகற்றவும், ஒட்டாமல் தடுக்கவும் மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறான். அம்முயற்சிகளின் வரலாற்றை அரசாங்க ஏடுகளிலும் கடல்நூல்களிலும் புரட்டிப் பார்க்கும்போது, ஒரு செய்தி திரும்பத் திரும்ப நம் கண்ணில் படுகிறது. மருந்து கிடைத்துவிட்டது என்று மனிதன் மகிழ்ந்த ஒவ்வொரு முறையும், அம்மருந்து வேறோர் இடத்தில் புதியதொரு நோயை விளைத்தது. அந்த வரலாற்றையே இங்கே சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

முதலில் பகைவனின் இயல்பை அறிந்துகொள்வோம். கெட்டியான ஓடு இருப்பதைக் கண்டு, கொட்டலசு சிப்பி இனத்தைச் சேர்ந்தது என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். லின்னேயஸ், கூவியே போன்ற பேரறிஞர்களும் அவ்வாறே வகுத்தனர். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் படை மருத்துவராக இருந்த ஜான் வாகன் தாம்ஸன், கடல்நீரிலிருந்து நுண்ணிய நீந்தும் உயிர்களைப் பிடித்து வளர்த்துப் பார்த்து, அவை கொட்டலசுகளாக மாறுவதைக் கண்டார். இறாலும் நண்டும் சேர்ந்த இனத்தையே கொட்டலசும் சேர்ந்தது என்ற உண்மை 1830-இல் அவர் எழுத்தின் வழியே வெளியாயிற்று. பின்னர் சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இவ்வொரு குலத்தை ஆராய்வதிலேயே செலவிட்டார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1859-இல் வெளிவருவதற்கு முன்பே, கொட்டலசு பற்றிய அவருடைய நூல்கள் வெளிவந்துவிட்டன.

முட்டையிலிருந்து வெளிப்பட்ட இளம் கொட்டலசு சில காலம் கடலில் நீந்தித் திரிகிறது. இளமையின் கடைசிப் பருவத்தில் அது உணவே கொள்வதில்லை. குடியிருக்க இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. உணர்கொம்புகளால் ஒரு பரப்பின் மீது நடந்து, தடவி, சோதித்துப் பார்க்கிறது. பிடித்துவிட்டால் தலையைக் கீழே ஊன்றி, உடலிலிருந்து ஒரு பசையைச் சுரந்து, வாழ்நாள் முழுவதற்கும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புத் தகடுகளால் வீடு கட்டிக்கொண்டு, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி, மிதந்துவரும் உணவை வாரி உண்கிறது. தன்னினத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் இடத்தை அது விரும்பித் தேர்ந்தெடுக்கும். ஒன்று வந்தால் ஊரே வரும் என்பது இதனால்தான். ஓடும் கப்பலைவிட நின்றிருக்கும் கப்பலிலேயே இவை எளிதில் குடியேறும். துறையில் நாட்கணக்காகக் காத்துக் கிடக்கும் கப்பலுக்கு அதனால்தான் தொல்லை அதிகம்.

பண்டைய ரோமரிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. ஒட்டுமீன் என்ற சிறு மீன் கப்பலின் அடியில் பற்றிக்கொண்டால், பாய் விரித்தாலும் துடுப்பு வலித்தாலும் கப்பல் நகராது என்பார்கள். கி.மு. 31-இல் நிகழ்ந்த ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியின் கப்பலைத் தடுத்தது இம்மீனே என்று பிளினி எழுதி வைத்தார். புளூடார்க் என்னும் கிரேக்க அறிஞர் இதனை நம்பவில்லை. கப்பலின் அடியில் பாசியும் அழுக்கும் படிவதனால் வேகம் குறைகிறது. அத்தகைய அடிப்புறத்தில்தான் ஒட்டுமீன் வந்து பற்றுகிறது. மக்கள் உடன் நிகழ்வதைக் காரணமாக எண்ணி மயங்குகின்றனர் என்று அவர் விளக்கினார். அடிப்புறத்தைச் சுரண்டித் தூய்மை செய்யும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது.

சுரண்டுவதோடு, உறை போர்த்தும் வழக்கமும் பழைமையானது. சிராகூஸ் மன்னன் இரண்டாம் ஹையரான் கட்டுவித்த பெருங்கப்பலின் அடிப்புறத்துக்கு ஈயத்தகடு போர்த்தப்பட்டதாகப் பழைய குறிப்பு உண்டு. சைப்பிரஸ் தீவின் கைரீனியா அருகே 1965-இல் கண்டுபிடிக்கப்பட்ட கிரேக்க வணிகக் கப்பல், ஏறத்தாழ 2,300 ஆண்டுகட்கு முற்பட்டது. அதன் அடிப்புறத்திலும் ஈயத்தகடு இருந்தது. கொட்டலசு மட்டுமன்றி, மரத்தைத் துளைத்து அரிக்கும் கடற்புழுவும் பாய்மரக் கப்பலுக்குப் பெரும்பகை. ஈயம் புழுவைத் தடுத்தது. ஆனால் கனமாக இருந்தது. கொட்டலசு அதன்மேலும் வளர்ந்தது.

கீழ்த்திசைக் கடல்களிலும் பல வழிகள் கையாளப்பட்டன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பயணம் செய்த மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறையில் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட மரக்கலங்களைக் கண்டு, அவற்றின் மீது மீனெண்ணெய் பூசினார்கள் என்று எழுதினார். இந்தியாவுக்கு வந்துபோன சீன மரக்கலங்கள் பழசானால், பழைய பலகையின் மேலேயே புதிய பலகை அடித்து மூடுவார்கள் என்றும், சுண்ணாம்பும் சணலும் மரஎண்ணெயும் சேர்த்து இடித்த சாந்தைப் பூசுவார்கள் என்றும் அவர் குறித்துள்ளார்.

இவற்றினும் எளிய வழி ஒன்று நம் தமிழகக் கடற்கரையிலேயே இருந்தது. கட்டுமரம் என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர் என்பதை நேயர்கள் அறிவார்கள். மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை மணலில் பிரித்துப் போட்டு உலர்த்துவார்கள். மரம் நீரில் ஊறிக் கனத்துவிடாமல் இருப்பதற்காகச் செய்த செயல் இது. ஆனால் நாள்தோறும் வெயிலில் காயும் மரத்தில் கொட்டலசோ புழுவோ நிலைபெற முடியாது என்பதும் இதன் பயனாயிற்று. நஞ்சும் இல்லை; செலவும் இல்லை. ஆயினும், தூக்கி மணலில் போடக்கூடிய அளவு சிறியதாகக் கலம் இருக்க வேண்டும் என்பது இதற்குரிய எல்லை.

பெருங்கப்பலை என்ன செய்வது? கப்பலைக் கரையோரம் கொணர்ந்து, சரக்கையும் பீரங்கிகளையும் இறக்கி, பாய்மரத்தில் கயிறு கட்டி இழுத்து ஒருபுறமாகச் சாய்ப்பார்கள். வெளியே தெரியும் அடிப்புறத்தில் சுள்ளி கொளுத்திப் பாசியைக் கருக்கி, இரும்புச் சுரண்டியால் கொட்டலசைச் சுரண்டி, கொழுப்பு, கந்தகம், குங்கிலியம் போன்றவற்றைக் காய்ச்சிப் பூசுவார்கள். பிறகு மறுபக்கம் சாய்த்து இதே வேலையைச் செய்ய வேண்டும். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில், கார்வார் அருகேயுள்ள அஞ்சிதீவில் தங்கித் தம் கப்பல்களை இவ்வாறுதான் தூய்மை செய்தார். இந்தியாவுக்கு வந்த முதல் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் ஊர் திரும்பும் முன் நம் கரையில் செய்துகொண்ட வேலை அது.

கப்பலைச் சாய்ப்பது எளிய செயலன்று. 1782 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் துறையில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பழுதைச் சரிசெய்வதற்காகச் சற்றே சாய்த்து நிறுத்தியிருந்த ராயல் ஜார்ஜ் என்ற பெரும் போர்க்கப்பல் நீர் புகுந்து மூழ்கியது. 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாலுமிகளைக் காணவந்த மனைவியரும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். கப்பலைச் சாய்க்காமல் அதன் அடிப்புறத்தை அணுகுவதற்கு உலர்துறை எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

உலர்துறை என்பது கப்பல் நுழையும் அளவுக்குக் கரையில் வெட்டிக் கட்டிய கற்றொட்டி. கடல் ஏறும்போது கப்பலை உள்ளே விட்டு, நீர் வற்றியதும் வாயிலை அடைத்தால் கப்பல் உலர்ந்த தரையில் நிற்கும். சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கே கப்பல் தொழிலை நிறுவினார். ஆசியாவின் முதல் உலர்துறை என்று சொல்லப்பெறுவது 1750-இல் பம்பாயில் அமைந்தது. இயற்கையும் இதற்குத் துணை செய்தது. மும்பையில் கடல் ஏறி வற்றும் அளவு 4 மீட்டருக்கும் மேற்படுவதுண்டு. சென்னையில் அது ஏறத்தாழ 1 மீட்டர்தான்.

இதன் விளைவை 1782-ஆம் ஆண்டின் போர்களில் காணலாம். ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகிய கடல்களில் அந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை மோதினர். சென்னையில் கப்பலைச் செப்பனிட வசதி இல்லை; வடகிழக்குப் பருவக்காற்றில் அங்கே நங்கூரமிட்டு நிற்பதும் ஆபத்து. ஆகவே அவ்வாண்டு அக்டோபரில் ஹியூஸ் கிழக்குக் கரையைவிட்டு, தென்முனையைச் சுற்றி, பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. ஒரு கற்றொட்டி இருக்கும் இடம் ஒரு கடற்கரையின் பாதுகாப்பையே தீர்மானித்தது. லவ்ஜியின் வழிவந்தவர்கள் மலபார்த் தேக்கால் கட்டிய கப்பல்களுள் ஒன்றான டிரின்காமலி, 1817-இல் பம்பாயில் வெள்ளோட்டம் கண்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்து நிற்கிறது.

உலர்துறை அகற்றும் வேலையை எளிதாக்கியது, வராமல் தடுக்கவில்லை. தடுக்கும் முயற்சியில் பெரிய திருப்பம் 1761-இல் வந்தது. அலாரம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்புறத்துக்கு மெல்லிய செப்புத்தகடு போர்த்தி, புழுவும் பாசியும் மிகுந்த மேற்கிந்தியத் தீவுகளின் கடலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அடிப்புறம் தூய்மையாக இருந்தது. கடல்நீரில் செம்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. அந்தக் கரைசல் கொட்டலசுக் குஞ்சுகளுக்கு நஞ்சு. செப்புறையின் இரகசியம் இதுவே.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1763-இல் தகடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகி, இரும்பு தேய்கிறது. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. உண்மையைக் கப்பலே எடுத்துக் காட்டியது. ஆனால் அதன் முழுப்பொருளை அன்று எவரும் உணரவில்லை.

அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில், வேகம் ஒன்றையே கருதி, 1779 முதல் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களுக்கெல்லாம் விரைவாகச் செப்புறை போர்த்தியது. இரும்பின்மீது காகிதமும் பூச்சும் வைத்து மறைத்தால் போதும் என்று நம்பினார்கள். 1782 செப்டம்பரில் அட்லாண்டிக் பெருங்கடலில் வீசிய புயலில் ராமிலீஸ், சென்டார் முதலிய பெருங்கப்பல்கள் அழிந்தபோது, அடியிலிருந்த ஆணிகளைப் பற்றிய ஐயம் வலுத்தது. வெளியே தகடு பளபளக்க, உள்ளே கப்பலைப் பிணைத்திருந்த ஆணிகள் தேய்ந்துகொண்டிருந்தன. பின்னர், செம்பைக் கெட்டிப்படுத்தி ஆணி செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. இரும்பாணிகளை அகற்றிச் செப்பாணிகளைப் பூட்டிய பிறகே அச்சம் நீங்கியது. கொட்டலசைத் தடுத்த மருந்து கப்பலின் எலும்பைத் தின்ற முதல் கதை இதுவாகும்.

இரண்டாம் கதை இன்னும் சுவையானது. செம்பு கரைந்துகொண்டே போவதால் சில ஆண்டுகளில் தகட்டை மாற்ற வேண்டியிருந்தது, செலவோ பெரிது. இதற்கு வழி காணுமாறு கடற்படையினர் 1823-இல் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியை அணுகினர். செம்பு கரைவது மின்வினை. எனவே செம்பைவிட எளிதில் கரையும் இரும்பையோ துத்தநாகத்தையோ சிறு துண்டாகச் செம்புடன் இணைத்தால், அத்துண்டு தேயும், செம்பு பிழைக்கும் என்று டேவி கூறினார். 1824-இல் இம்முறை கப்பல்களில் சோதிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான சமராங், கொச்சியில் தேக்கால் கட்டப்பெற்று 1822-இல் வெள்ளோட்டம் கண்ட கப்பல்.

டேவியின் கணக்கு பிழைபடவில்லை. செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரைந்தால்தானே நஞ்சு? கரையாத செம்பின்மீது கொட்டலசுகள் அச்சமின்றிக் குடியேறின. கப்பல்கள் மந்தமாயின, தலைவர்கள் முறையிட்டனர், சில ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. ஆயினும் அறிவு வீண்போவதில்லை. ஒன்றைத் தேயவிட்டு மற்றொன்றைக் காக்கும் அதே முறை, இன்று இரும்புக் கப்பல்களையும் கடலடிக் குழாய்களையும் துருவிலிருந்து காக்கிறது. சிறு படகின் சுழல்விசிறிக்கருகே பொருத்தப்பட்டுள்ள துத்தநாகக் கட்டியும் டேவியின் வழித்தோன்றலே. இத்துறை ஆராய்ச்சிக்கென நம் நாட்டில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், தமிழகத்தின் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்டது என்பதை நேயர்கள் பெருமிதத்தோடு நினைவுகூரலாம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரும்புக் கப்பல்கள் பெருகின. இரும்புடம்பின் மீது செப்புத்தகட்டை நேரே போர்த்த முடியாது. அலாரம் கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்த கதி கப்பல் முழுவதற்கும் நேரும். சிலர் இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை அடித்து, அதன்மேல் செம்பும் துத்தநாகமும் கலந்த தகட்டைப் போர்த்தினர். 1869-இல் கட்டப்பெற்று இன்றும் லண்டன் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கும் கட்டி சார்க் அவ்வகைக் கப்பல். மற்றவர்கள் நஞ்சு கலந்த சாயத்தை நாடினர். செம்பு, பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றின் கூட்டுப்பொருள்கள் பலவகைப் பிசின்களில் கலக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை கையாண்ட ஒரு சாயத்தில் நஞ்சு பாதரச ஆக்ஸைடு. அதைப் பிணைத்த பொருளோ அரக்கு. அந்நாளில் உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்தே, குறிப்பாகச் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்தே சென்றது. அக்காட்டில் குசும மரத்தடியில் அரக்கு சேகரித்த பழங்குடி மக்கள், அது எந்தக் கடலில் எந்தப் பூச்சியை விரட்டுகிறது என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சாயம் வந்தபின்னும் உலர்துறை வேண்டியிருந்தது. 1904 அக்டோபரில் புறப்பட்ட ரஷ்யாவின் பால்டிக் கடற்படை, மடகாஸ்கரில் இரண்டு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, 1905 மே மாதத்தில் ஜப்பானை எதிர்கொண்டது. வழியில் அதற்கு உலர்துறை எதுவும் கிடைக்கவில்லை; அடிப்புறம் பாசியும் ஓடுமாக இருந்தது. ஜப்பானியக் கப்பல்களோ துறையில் செப்பனிடப்பட்டு வந்தவை. சுஷிமாவில் ரஷ்யா அடைந்த தோல்விக்குக் காரணங்கள் பல. வேகக் குறைவு அவற்றுள் ஒன்று.

மூன்றாம் கதைக்கு வருவோம். 1960-களில் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயக் கூட்டுப்பொருள் சாயத்தில் சேர்க்கப்பட்டது. செம்பினும் பன்மடங்கு வலிய நஞ்சு. ஆண்டுக்கணக்கில் அடிப்புறத்தைத் தூய்மையாக வைத்தது. நீரோட்டத்தில் தானே மெல்லத் தேய்ந்து, புதுப்புது நஞ்சுப் பரப்பைக் காட்டும் வகையில் அச்சாயம் பின்னர் அமைக்கப்பட்டது. இனிக் கவலையில்லை என்று கப்பல் உலகம் எண்ணியது.

1970-களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்போர் திகைத்து நின்றனர். சிப்பிகள் குஞ்சு பொரிக்கவில்லை; வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்து உருண்டு, சதையின்றிக் கிடந்தன. அவ்விரிகுடாவில் நிறுத்தப்பட்ட உல்லாசப் படகுகளின் சாயமே காரணம் என்று ஆய்வு காட்டியது. இங்கிலாந்துக் கரையில் ஒருவகைக் கடல்நத்தையின் பெண்களுக்கு ஆணுறுப்பு வளர்ந்து, இனப்பெருக்கமே நின்றது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே இத்தீங்கு நேரும். பிரான்ஸ் 1982-இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இச்சாயத்தைத் தடை செய்தது. பிரிட்டன் 1987-இல் பின்பற்றியது. 2001-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 2008 செப்டம்பர் 17 முதல் உலகளவில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆணியைத் தின்ற மருந்து, இம்முறை கடலையே தின்னத் தொடங்கியிருந்தது. கப்பல் உரிமையாளர் ஈட்டிய இலாபத்தின் விலையை, கப்பலே இல்லாத சிப்பிக்காரர்கள் செலுத்தினார்கள்.

அப்படியானால் கொட்டலசும் பிறவும் வளரட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. அவை கப்பலோடு ஊர்விட்டு ஊர் பயணம் செய்கின்றன. மத்திய அமெரிக்கக் கடல்களுக்குரிய ஒரு சிறு கடற்சிப்பி 1967-இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் காணப்பட்டது. பின்னர் மும்பைத் துறையிலும் பெருகியது. இங்கே அதனை அடக்குவாரின்றி, உள்ளூர் உயிர்களின் இடத்தைப் பறித்துக்கொண்டது. சுரண்டாத கப்பல் எரிபொருளை மிகுதியாக எரித்து, காற்றையும் மிகுதியாக மாசுபடுத்துகிறது. எனவே நஞ்சும் தீங்கு, வாளாவிருத்தலும் தீங்கு. இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே இன்றைய கடலியலாரின் பணி.

இன்று மூன்று வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன. செம்பு கலந்த சாயங்கள் இன்னும் பெருவழக்கில் உள்ளன. சிலிக்கோன் பூச்சு என்பது மற்றொன்று. இது கொட்டலசைக் கொல்லுவதில்லை. அதன் பசை உறுதியாகப் பற்றாதபடி வழுக்குகிறது. கப்பல் வேகமெடுத்ததும் ஒட்டியவை உதிர்கின்றன. ஆனால் நெடுநாள் நின்றிருக்கும் கலத்துக்கு இதனால் பயன் குறைவு. மூன்றாவது, முற்றி ஓடு கட்டுவதற்கு முன், வழுவழுப்பான படலமாக இருக்கும்போதே அடிக்கடி துடைத்துவிடுவது. முக்குளிப்பவர்களும், நீருக்கடியில் ஊர்ந்து செல்லும் பொறிகளும் இவ்வேலையைச் செய்கிறார்கள்.

சிறு படகு வைத்திருப்போருக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. படகின் உடலைவிடச் சுழல்விசிறி, அதன் தண்டு, சுக்கான், இயந்திரத்தைக் குளிர்விக்க நீர் புகும் துளை ஆகிய உறுப்புகளில் வளரும் கொட்டலசே முதலில் தொல்லை தரும். விசிறி சமநிலை இழந்து அதிரும். நீர்த்துளை அடைபட்டால் இயந்திரம் சூடேறி நின்றுவிடும். கரையேற்றியவுடன், ஈரம் காயும் முன் சுரண்டினால் எளிதில் வரும்; காய்ந்து இறுகினால் அடித்தகடு கல்லாகத் தங்கிவிடும். உலோக உறுப்பில் மரத்தாலோ நெகிழியாலோ ஆன சுரண்டி நல்லது. அலுமினிய உடலின்மீது செம்புச் சாயம் பூசலாகாது. 1763-இல் கண்ட அதே மின்வினை அலுமினியத்தைத் தின்றுவிடும். துத்தநாகக் கட்டியின் மீது எச்சாயமும் பூசலாகாது. பூசினால் அது தேயாது, தேயாவிட்டால் காக்காது. சாயம் கலந்த தூளை மூச்சில் இழுத்தலும், சுரண்டியதைக் கடலிலேயே தள்ளுதலும் தீது. ஆர்காஷோன் சிப்பிகளை நினைத்து, அதனைத் திரட்டி ஒதுக்குக.

இவ்வளவு கூறியபின் ஒன்று தெளிவாகிறது. செப்புத்தகடு போர்த்தியவர்களும், டேவியும், வெள்ளீய நஞ்சைக் கண்டவர்களும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கப்பல் தூய்மையாயிற்றா என்ற ஒரே வினாவை அவர்கள் கேட்டார்கள். அதற்குச் சரியான விடையையும் பெற்றார்கள். அந்த நஞ்சு எங்கே போகிறது, அந்தத் தேய்மானம் யார் தலையில் விழுகிறது என்ற அடுத்த வினாவைக் கேட்கக் காலம் கடந்தது. அணையோ, ஆலையோ, பூச்சிமருந்தோ, எந்தப் புதுமை நம்மிடம் வந்தாலும் அவ்விரண்டாம் வினாவை முதலிலேயே எழுப்பும் பழக்கத்தை இச்சிறிய உயிரின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

பெருங்கப்பலைக் கட்டுமரம்போல் பிரித்து மணலில் உலர்த்த இயலாதுதான். ஆனால் சோம்பலின்றி அன்றன்று பார்த்து, முளையிலேயே துடைத்துவிடும் அந்த மீனவரின் ஒழுங்கை, உலகம் பல நஞ்சுகளைக் கடந்து மீண்டும் நாடி வருகிறது. கடற்கரை நகரங்களில் வாழும் நம்மவர்கள் துறைப்பக்கம் செல்லும்போது, உலர்துறையில் நிற்கும் கப்பலின் அடியில் சுரண்டியும் கையுமாக நிற்கும் தொழிலாளரைக் காண்பார்களாயின், இரண்டாயிரம் ஆண்டுப் பணியின் தொடர்ச்சி அது என்று அறிந்து மதிப்பார்களாக.